நியூரம்பெர்க்கில் எளிய ஹோட்டலில் தங்குவது எப்படி? தேதி பார்ப்பதிலிருந்து சாவி ஒப்படைப்பது வரை

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில், குடும்பமாக நடத்தும் ஒரு சிறிய ஹோட்டலில் இருவருக்கான அறை சாதாரண நாட்களில் ஏறக்குறைய 80 முதல் 110 யூரோவுக்குக் கிடைக்கும். பொம்மை வர்த்தகக் கண்காட்சி நடக்கும் வாரத்தில் அதே அறைக்கு இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள், அதுவும் மீதி இருந்தால்தான். அதனால் முதலில் பார்க்க வேண்டியது காலண்டர். ஹோட்டல் தேடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

படி 1: தேதியை முடிவு செய்யுங்கள்

நியூரம்பெர்க் பழைய கோட்டை நகரம் மட்டுமல்ல, வர்த்தகக் கண்காட்சி நகரமும்கூட. ஜனவரி இறுதியில் பொம்மைக் கண்காட்சி, பிப்ரவரியில் இயற்கை உணவுக் கண்காட்சி, நவம்பரில் தொழிற்சாலைத் தானியக்கக் கண்காட்சி என்று ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான வியாபாரிகளை அழைத்து வரும். ஜூன் தொடக்கத்தில் ராக் இம் பார்க் இசைவிழா. முதல் அட்வென்ட் ஞாயிறுக்கு (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் முதலாவது) முந்தைய வெள்ளிக்கிழமை தொடங்கும் கிறிஸ்துமஸ் சந்தை டிசம்பர் 24 வரை நடக்கும். கண்காட்சி மைதானத்தின் இணையதளத்தில் ஆண்டு முழுமைக்குமான அட்டவணை இருக்கிறது. விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே அதைத் திறந்து பாருங்கள்.

விலை குறைவாக இருப்பது கோடைகால வார இறுதிகளில். வியாபாரப் பயணிகள் வெள்ளியன்றே கிளம்பிவிடுவதால் ஞாயிறு இரவு பெரும்பாலும் மலிவு. கிறிஸ்துமஸ் சந்தைக் காலத்தில் இது தலைகீழ்: வெள்ளி, சனி இரவுகளின் விலை எகிறும், செவ்வாய், புதனில் இறங்கும்.

மூன்று இரவுகள் போதுமானவை. பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. 1945-46இல் நாஜித் தலைவர்களை விசாரித்த 600ஆம் நீதிமன்ற அறையின் நினைவகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. இந்த இரண்டு நாட்களே உங்கள் முழு நாட்களாக வந்து விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: எந்தப் பகுதி?

பழைய நகரைக் கோட்டைச் சுவர் சுற்றி நிற்கிறது. மத்திய ரயில் நிலையம் அதன் தென்கிழக்கு மூலையில், சுவருக்கு வெளியே இருக்கிறது. பெக்னிட்ஸ் ஆறு நகரை இரண்டாகப் பிரிக்கிறது. தெற்குப் பாதி லோரென்ஸ், வடக்குப் பாதி செபால்ட். கைசர் கோட்டை வடக்கு ஓரத்தில், மணற்பாறைக் குன்றின் மேல்.

முதன்முறை வருபவர்களுக்கு லோரென்ஸ் பக்கத்தையே பரிந்துரைக்கிறோம். ரயில் நிலையத்திலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டே போய்விடலாம், ஏற்றம் கிடையாது. யு1 சுரங்க ரயிலில் லோரென்ஸ்கிர்ஷ அடுத்த நிறுத்தம், வைசர் டுர்ம் அதற்கடுத்தது. செபால்ட் பக்கம் அழகு கூடுதல். ஆல்பிரெக்ட் டியூரர் 1509 முதல் 1528 வரை வாழ்ந்த வீடு அங்கேதான் இருக்கிறது. ஆனால் பழைய நகருக்குள் அந்தப் பாதியில் சுரங்க ரயில் நிறுத்தம் இல்லை. கோட்டை வரை கல்பாவிய ஏற்றம். சின்னச் சக்கரப் பெட்டியோடு, ரயில் நிலையத்திலிருந்து அரை மணி நேர நடையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சில விஷயங்களை வரைபடம் சொல்லாது. பழைய நகரின் தென்மேற்கில், சுவரை ஒட்டிய ஃப்ரவென்டோர்மவுவர் தெருவின் ஒரு பகுதி பாலியல் தொழில் நடக்கும் இடம். சட்டபூர்வமானதுதான், ஆனால் குழந்தைகளோடு வருபவர்கள் அந்தப் பக்கத்து மலிவு அறையை எடுக்கும் முன் தெருவைப் பார்த்துவிடுவது நல்லது. டியூரர் வீட்டுக்கு எதிரே உள்ள டீர்கெர்ட்னர்டோர் சதுக்கத்தில் கோடை மாலைகளில் இளைஞர்கள் கூட்டமாகத் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். பார்க்க அருமையான காட்சி, ஆனால் அதை நோக்கிய ஜன்னல் உள்ள அறையில் தூக்கம் வராது. எந்தப் பகுதியானாலும் முற்றத்தைப் பார்த்த அறை வேண்டும் என்று கேளுங்கள்.

சுவருக்குள் விலை கட்டுப்படியாகாவிட்டால் மேற்கே கோஸ்டென்ஹோஃப், நிலையத்துக்குத் தெற்கே சூட்ஷ்டாட் இரண்டையும் பாருங்கள். அடுத்தது பக்கத்து நகரமான ஃபுர்ட். ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் 1835இல் ஓடியது இந்த இரண்டு ஊர்களுக்கு இடையில்தான். இன்று யு1 இணைக்கிறது, வட்டார ரயிலில் பத்து நிமிடத்துக்குள் போய்விடலாம்.

படி 3: ஹோட்டல் விவரத்தை வரி விடாமல் படியுங்கள்

நட்சத்திரங்களைவிட வகை முக்கியம். "ஹோட்டல் கார்னி" என்றால் காலை உணவு மட்டும், உணவகம் இல்லை. "காஸ்ட்ஹோஃப்" என்றால் கீழே உணவகம், மேலே அறைகள். "பென்சியோன்" இன்னும் சிறியது. பல சமயம் ஒரு கட்டடத்தின் ஒரே ஒரு மாடி. கோட்டையின் பழைய குதிரை லாயத்திலேயே இளைஞர் விடுதி இருக்கிறது. 1494-95இல் தானியக் களஞ்சியமாகக் கட்டப்பட்டது அது. பெயரில்தான் இளைஞர், எந்த வயதினரும் தங்கலாம், உறுப்பினர் அட்டை மட்டும் வேண்டும்.

1945 ஜனவரி 2 குண்டுவீச்சில் பழைய நகரின் பெரும்பகுதி அழிந்தது. பழைய தெருக் கோடுகளை மாற்றாமல் மறுபடியும் கட்டினார்கள். அதனால் "வரலாற்று மையத்தில்" என்று விளம்பரம் செய்யும் எளிய ஹோட்டல்கள் பலவும் போருக்குப் பிந்தைய கட்டடங்கள், குறுகலான மனைகளில் நிற்பவை. அறைகள் 12 முதல் 15 சதுர மீட்டர் இருந்தால் அதிகம். இரண்டு பெரிய பெட்டிகளை ஒரே நேரத்தில் தரையில் விரித்து வைக்க இடம் இருக்காது.

முன்பதிவுக்கு முன் கீழ்க்கண்டவற்றை உறுதி செய்துகொள்ளுங்கள். விவரத்தில் இல்லாவிட்டால் மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் எழுத்தில் இருக்கட்டும்.

- லிஃப்ட் இருக்கிறதா? இல்லையென்றால் அறை எத்தனையாவது மாடி?
- குளியலறை அறைக்குள்ளா, தாழ்வாரத்திலா? "எட்டாகென்பாட்" என்றால் மாடிக்கே பொதுவானது.
- கட்டிலின் அகலம் என்ன? வழக்கமான இரட்டைக் கட்டில் இரண்டு மெத்தை, இரண்டு தனித்தனிப் போர்வையோடு வரும். "பிரெஞ்சுக் கட்டில்" என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 140 சென்டிமீட்டர்தான், இருவருக்கு நெருக்கம்.
- வரவேற்பு மேசை எத்தனை மணி வரை? சிறிய ஹோட்டல்களில் இரவு 8 மணிக்கே மூடிவிடுவார்கள்.
- வெளிநாட்டு கிரெடிட் கார்டு செல்லுமா? ஜெர்மன் வங்கி அட்டையோ ரொக்கமோ மட்டும் வாங்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன.

குளிர்சாதன வசதியை எளிய ஹோட்டல்களில் எதிர்பார்க்க வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் வருகிறீர்கள் என்றால் கூரைக்கு நேர் கீழே உள்ள அறையைத் தவிருங்கள். பகல் முழுக்க ஓடு வாங்கிய சூடு இரவில் அறைக்குள்தான் இறங்கும்.

பெர்லினில் அறை விலையின் மேல் 7.5 சதவீதம் தங்கல் வரி உண்டு. நியூரம்பெர்க்கில் அது கிடையாது. பவேரியா மாநிலம் 2023இல் இந்த வகை வரிக்குத் தடை விதித்துவிட்டது. நகர வரி என்று ஏதாவது தொகை சேர்ந்திருந்தால் காரணம் கேளுங்கள்.

படி 4: முன்பதிவு

ஷெங்கன் விசாவுக்கு (ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) விண்ணப்பிப்பவர்கள் ரத்து செய்யக்கூடிய விலையிலேயே பதிவு செய்யுங்கள். பத்துப் பதினைந்து யூரோ மிச்சம் என்று ரத்தாகாத அறையை எடுத்துவிட்டு, விசா தாமதமானால் முழுத் தொகையும் போகும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கு முன்பாவது கொடுத்துவிட வேண்டும். எல்லா இரவுகளுக்கும் தங்குமிடச் சான்று கேட்பார்கள்; நடுவில் ஓர் இரவு விடுபட்டிருந்தாலும் கேள்வி வரும்.

உறுதிச் சீட்டில் பயணிகள் எல்லாருடைய பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். இனிஷியலை முன்னால் போட்டு எழுதும் நம் வழக்கம் இங்கே சிக்கலாகும். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிவாக இருந்தால் இங்கும் அப்படியே எழுதுங்கள். குடும்பப் பெயர் காலியாக இருக்கும் பாஸ்போர்ட் என்றால், விமானச் சீட்டில் எப்படிப் போட்டீர்களோ அதே வரிசையை ஹோட்டலுக்கும் கொடுங்கள்.

குழந்தைகளின் எண்ணிக்கையையும் வயதையும் மறைக்காமல் போடுங்கள். எத்தனை பேருக்கு அறையோ அத்தனை பேர்தான் தங்கலாம். வந்து நின்றபிறகு "பக்கத்தில் படுத்துக்கொள்வாள்" என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

படி 5: வந்து சேர்வது

நியூரம்பெர்க் விமான நிலையத்தில் இறங்கினால் கவலையே இல்லை. யு2 சுரங்க ரயில் ஓட்டுநர் இல்லாமல் ஓடி 12, 13 நிமிடத்தில் மத்திய நிலையத்தில் விடும். பிராங்க்பர்ட் வழியாக வருபவர்களுக்கு விமான நிலையத்திலிருந்தே நேரடி ஐசிஇ அதிவேக ரயில் உண்டு. சுமார் இரண்டரை மணி நேரம். சலுகை விலை ரயில் சீட்டு அந்தக் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும். விமானம் தாமதமாகி ரயிலைத் தவறவிட்டால், தனியாக வாங்கிய சீட்டு வீண். தரையிறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் நடுவில் மூன்று மணி நேரம் விடுங்கள், இல்லையென்றால் எந்த ரயிலிலும் ஏறக்கூடிய முழு விலைச் சீட்டை வாங்குங்கள்.

நகருக்குள் சுற்ற நாள் சீட்டு வாங்கும்போது "டாகெஸ்டிக்கெட் பிளஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே சீட்டில் பெரியவர்கள் இருவரும் குழந்தைகள் நால்வரும் போகலாம். சனிக்கிழமைக்கு வாங்கினால் ஞாயிறும் சேர்த்துச் செல்லும். நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது, ஆனால் பரிசோதகர் வருவார். சீட்டு இல்லாவிட்டால் அபராதம் 60 யூரோ.

படி 6: பதிவும் சாவியும்

அறை பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் கிடைக்கும். முன்னால் வந்துவிட்டால் பெட்டியை வைத்துவிட்டு வெளியே போகலாம். வரவேற்பு மேசை மூடிய பின் வருவதாக இருந்தால் முந்தைய நாளே எழுதுங்கள். சாவிப் பெட்டியின் ரகசிய எண்ணை அனுப்புவார்கள். அதைப் படம்பிடித்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிய வாசலில் நின்று இணைய இணைப்பைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

"மெல்டெஷைன்" என்ற பதிவுப் படிவத்தில் பெயர், பிறந்த தேதி, நாடு, முகவரி எழுதிக் கையெழுத்திட வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து ஜெர்மன் குடிமக்களுக்கு இது இல்லை, வெளிநாட்டவருக்குத் தொடர்கிறது. பாஸ்போர்ட்டைப் பார்ப்பார்கள். இது சட்டப்படியான நடைமுறை, தயங்க வேண்டாம்.

பல கதவுகளுக்கு வெளிப்பக்கம் திருகும் கைப்பிடி இல்லை. சாத்தினாலே பூட்டிக்கொள்ளும். சாவி உள்ளே மாட்டிக்கொண்டால், ஆள் இல்லாத ஞாயிறு இரவில் பூட்டுக்காரரை அழைக்கும் செலவு நூறு யூரோவைத் தாண்டுவது சாதாரணம். குளியலுக்குத் தாழ்வாரத்துக்குப் போகும்போதும் சாவி கையில் இருக்கட்டும்.

படி 7: அறைக்குள்

ஜன்னலில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கைப்பிடி கீழே இருந்தால் பூட்டு. கிடையாகத் திருப்பினால் கதவு போல உள்பக்கம் திறக்கும். மேல்நோக்கித் திருப்பினால் மேற்பகுதி மட்டும் உள்ளே சாயும். எதற்கு மாற்றுவதானாலும் ஜன்னலை முழுக்கச் சாத்திய பிறகே கைப்பிடியைத் திருப்புங்கள். திறந்திருக்கும்போது திருப்பினால் மேல் மூலை கழன்று ஒரு கீழ்க்கீலில் தொங்கும். பயப்படாமல் அந்த மேல் மூலையைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்தி, கைப்பிடியை மேல்நோக்கிய நிலைக்குக் கொண்டுவந்து, மெதுவாகச் சாத்துங்கள். வரவில்லை என்றால் வலுக்கட்டாயம் செய்யாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

ஹீட்டரின் திருகில் 1 முதல் 5 வரை எண்கள். 3இல் வைத்தால் சுமார் 20 டிகிரி. 5இல் வைத்தால் வேகமாகச் சூடாகாது. எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. இரவு பத்து மணிக்குமேல் குழாய் ஆறிப்போனால் அது பழுதாக இருக்க வேண்டியதில்லை. கட்டடம் முழுமைக்கும் இரவில் சூட்டைக் குறைத்துவிடும் வழக்கம் உண்டு. கூடுதல் கம்பளி மாலையிலேயே கேட்டு வாங்குங்கள்.

குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் துளை, ஷவர் தடுப்புக்குள் மட்டும் இருக்கலாம். வாளி, குவளையால் வெளியே நின்று குளித்தால் தண்ணீர் கீழ்மாடிக் கூரையில் இறங்கும், கணக்கு உங்கள் பேரில் வரும். அறையில் குக்கர், இண்டக்ஷன் அடுப்பு வேண்டாம். தாளிக்கும் புகைக்கே எச்சரிக்கைக் கருவி அலறும். தீயணைப்பு வண்டி வந்துவிட்டால் அதற்கும் பில் வரக்கூடும். கெட்டில் பல அறைகளில் இருக்காது, கேட்டால் வெந்நீர் தருவார்கள். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். மூன்று முள் பிளக் இங்கே நுழையாது, அடாப்டர் எடுத்து வாருங்கள். இரவு 10 மணிக்குமேல் சத்தம் கூடாது. வீட்டுக்கு வீடியோ அழைப்பில் பேசுவதும் இதில் சேரும்.

படி 8: சாப்பாடு

காலை உணவில் ரொட்டி, வெண்ணெய், சீஸ், ஜாம், முட்டை, தயிர், பழம் எதிர்பார்க்கலாம். தட்டில் அடுக்கியிருக்கும் இறைச்சித் துண்டுகள் பெரும்பாலும் பன்றி. விரல் நீள நியூரம்பெர்க் சாசேஜும் பன்றிதான். மூன்றைப் பன்னுக்குள் வைத்து "ட்ராய் இம் வெக்லா" என்று தெருவில் விற்பார்கள். சாப்பிடுபவர்கள் தவறவிடக் கூடாதது.

ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். பால், பழம், ரொட்டியைச் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். மறந்தால் மத்திய ரயில் நிலையத்துக் கடைகள்தான் கதி.

படி 9: கிளம்பும் நாள்

காலை 10 அல்லது 11 மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். அதிகாலை ரயில் என்றால் முந்தைய மாலை வரவேற்பு மேசை மூடும் முன் மூன்று வேலைகளை முடியுங்கள்: பணத்தைக் கட்டி ரசீது வாங்குவது, காலை உணவுக்குப் பதில் பொட்டலம் கேட்பது, சாவியை எந்தப் பெட்டியில் போட வேண்டும் என்று தெரிந்துகொள்வது. மாலை ரயில் என்றால் பெட்டிகளை ஹோட்டலில் விடலாம். மேசை மூடும் நேரத்துக்கு முன் திரும்ப முடியாதென்றால் ரயில் நிலையத்தின் லாக்கரே பாதுகாப்பு. காலிப் பிளாஸ்டிக் பாட்டில்களை அறையில் விட்டுவிடாமல் சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போடுங்கள். ஒன்றுக்கு 25 சென்ட் திரும்ப வரும்.