வேலைய விடாம தனியா ஆராய்ச்சி பண்றது எப்படி

லேப் இல்ல, புரொஃபசர் இல்ல, பகல்ல ஆபீஸ் வேற, இதுல கம்ப்யூட்டர், கணக்கு, உயிரியல் மூணையும் சேத்து ஆராய்ச்சி பண்ண முடியுமானு கேட்டா, முடியும். ஆனா மூணையும் ஒரே நேரத்துல தொடாதீங்க, நான் அப்படித்தான் தொட்டு ரெண்டு வருஷம் வீணாப் போச்சு.

மொதல்ல ஏற்கனவே தெரிஞ்ச ஒரு ரிசல்ட்ட நீங்களே வரவச்சுப் பாருங்க. தனியா இருக்கிறவனுக்கு தப்புனு சொல்ல ஆள் கிடையாதுல்ல, பழைய ரிசல்ட்தான் சொல்லும்.

1952-ல கணித மேதை ஆலன் ட்யூரிங் சொன்னது இது: ரெண்டு கெமிக்கல் ஒண்ணோட ஒண்ணு வினை செஞ்சுக்கிட்டே வேற வேற வேகத்துல பரவினா, புள்ளியும் கோடும் தானா வரலாம். இதே வகைல கிரே-ஸ்காட்னு ஒரு மாடல் இருக்கு, பைத்தான்ல அம்பது வரிகூட வராது. 200க்கு 200 கட்டம் போடுங்க, பரவுற வேகம் 0.16, 0.08, ஊட்டுறது 0.035, அழியுறது 0.065, நடுவுல ஒரு சின்ன சதுரத்துல மட்டும் ரெண்டாவது கெமிக்கல விட்டு சில ஆயிரம் ஸ்டெப் ஓட்டுங்க, புள்ளி புள்ளியா பெருகும். கடைசி ரெண்டையும் 0.060, 0.062னு மாத்தினா பவளப்பாறை மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகும். இங்க சிங்கப்பூர் தேக்கால ஒரு தே (டீதான்) ஆறுறதுக்குள்ள பாத்துடலாம்.

எனக்கு மொத தடவ படம் ஒரு பக்கமா சாஞ்சு வந்துச்சு. புது கண்டுபிடிப்புனு குதிச்சேன், கடைசில பாத்தா பழைய கட்டத்த காப்பி எடுக்காம அது மேலயே புது நம்பர எழுதிட்டு வந்திருக்கேன். அதனால ஆரம்பத்துல நாய்ஸ், அதாவது கண்டபடி வர்ற சின்னச் சின்ன நம்பர், சேக்காம ஓட்டுங்க, நாலு பக்கமும் ஒரே மாதிரி வரலைனா நீங்க எழுதின ப்ரோகிராம்லதான் கோளாறு.

டிஎன்ஏ வச்சு கணக்கு போடணும்னு ஆசையா? எச்டிபி அடுக்குமாடி வீட்டு கிச்சன்ல வேணாம்ணே. ஏடில்மேன்னு ஒரு கம்ப்யூட்டர் விஞ்ஞானி 1994-ல ஏழு புள்ளி, 14 வழி குடுத்து, எல்லாப் புள்ளியையும் ஒரே ஒரு தடவ தொட்டுப் போற பாதையக் கண்டுபிடிக்கிற கணக்க டிஎன்ஏ வச்சு டெஸ்ட் டியூப்ல போட்டாரு, விடையப் பிரிச்செடுக்க லேப்ல ஏழு நாள் ஆச்சு. அதையே டிஎன்ஏவுக்குப் பதிலா A, T, G, C எழுத்து வரிசையா லேப்டாப்ல செஞ்சு பாக்கலாம், செலவு கரண்ட் பில் மட்டும்.

புக்குக்கு விக்டோரியா ஸ்ட்ரீட்ல இருக்கிற தேசிய நூலகம், மேல் மாடி ரெஃபரன்ஸ் புக்க வீட்டுக்குத் தரமாட்டாங்க, அங்கயே உக்காந்து படிக்கணும். ஆராய்ச்சிக் கட்டுரை போடுற ஆர்க்கைவ் (arXiv) சைட்ல போட புதுசா வர்றவங்களுக்கு ஏற்கனவே அங்க எழுதுற யாராவது எண்டார்ஸ் பண்ணணும், அதாவது பரிந்துரைக்கணும், அதுவரைக்கும் ஸெனோடோ (Zenodo) சைட்ல ப்ரோகிராமையும் டேட்டாவையும் போட்டா, மத்தவங்க மேற்கோள் காட்ட உதவுற டிஓஐ நம்பர் இலவசமா கிடைக்கும்.

புரொஃபசருக்கு மெயில் போட்டா ஒரு படம், ஒரு கேள்வி, மூணு வரி, அவ்ளோதான். நான் மொதல்ல அனுப்பின 14 பக்கத்துக்கு இன்னும் பதில் வரல.