முதல் புரோக்ரெசிவ் பவர் மெட்டல் ஆல்பம்: ஆள் சேர்ப்பதிலிருந்து ரெக்கார்டிங் வரை

எங்கள் பேண்டின் முதல் ஆல்பம் முடிந்துவிட்டது. வேகமும் சேர்ந்து பாடும் கோரஸும் கொண்ட பவர் மெட்டலோடு, மாறிக்கொண்டே இருக்கும் தாளக் கணக்கையும் சேர்த்த இசை. ஐந்து பேர், எட்டுப் பாட்டு. அதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக, நாங்கள் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். கருவி வாசிக்கவும், ரெக்கார்டிங் மென்பொருளில் டிராக் சேர்த்துப் பதிவு செய்யவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ஆட்கள்

முதலில் டிரம்மரைத் தேடுங்கள். 180 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 180 அடி) டபுள் பாஸில், அதாவது இரண்டு காலாலும் பாஸ் டிரம்மில், பதினாறாம் நோட்டு வாசித்தால் நொடிக்கு 12 அடி. அந்த வேகத்தில் கால் தளராமல் வாசித்து, நடுவில் 7/8 தாளத்துக்குப் போய்த் திரும்பவும் தெரிந்தவர் கிடைப்பது கஷ்டம்.

பாடகர் கிடைக்கவில்லை என்று மற்ற வேலைகளை நிறுத்த வேண்டாம். சிம்ஃபனி எக்ஸ் என்ற அமெரிக்க மெட்டல் பேண்ட் 1994ல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் பாடியவர் ராட் டைலர். அடுத்த ஆண்டு வந்த இரண்டாவது ஆல்பத்திலேயே ரஸ்ஸல் ஆலன் வந்துவிட்டார். இன்று அந்த பேண்ட் என்றதும் நினைவுக்கு வருவது ஆலனின் குரல்தான்.

படி 2: பெயர்

வைப்பதற்கு முன் நன்றாகத் தேடிவிடுங்கள். ட்ரீம் தியேட்டர் என்ற புரோக்ரெசிவ் மெட்டல் பேண்ட் 1985ல் மெஜஸ்டி என்ற பெயரில்தான் தொடங்கியது. அதே பெயரில் வேறொரு பேண்ட் இருந்ததால் மாற்ற வேண்டியதாயிற்று.

படி 3: பாட்டு எழுதுவது

நான் கோரஸிலிருந்து தொடங்குவேன். பவர் மெட்டலுக்கு உயிரே அதுதான். கோரஸ் 4/4ல், நாலு பேர் சேர்ந்து பாடும்படி இருக்கட்டும். தாளக் கணக்கெல்லாம் வெர்ஸிலும் கருவிகள் மட்டும் வரும் பகுதியிலும் வரட்டும். எல்லாக் கருவிகளையும் கிடார் ப்ரோ என்ற இசைக்குறிப்பு மென்பொருளில் எழுதி வையுங்கள். யார் எந்த பாரில் என்ன வாசிக்கிறார் என்ற சண்டையே வராது.

படி 4: டெம்போ மேப்

டெம்போ மேப் என்பது, பாட்டின் எந்த பாரில் எந்த வேகம், எந்தத் தாளம் என்று மென்பொருளில் குறித்து வைப்பது. இங்கேதான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்பது நிமிடப் பாட்டு ஒன்று. வேகம் முழுக்க 160 பிபிஎம்தானே என்று கிளிக்கை (காதில் ஒலிக்கும் மெட்ரோனோம்) 4/4லேயே ஓடவிட்டு டிரம்ஸைப் பதிவு செய்தோம். நடுவில் பதினைந்து பார் 7/8. ஒரு 7/8 பாரில் இருப்பது மூன்றரை கால் நோட்டு. ஆகவே கிளிக் கால் நோட்டிலேயே போய்க்கொண்டிருந்தால், இரண்டாவது பாரின் முதல் அடி இரண்டு கிளிக்குகளுக்கு நடுவில் விழும். மூன்றாவதில் சேரும், நான்காவதில் மறுபடி விலகும். பதினைந்து ஒற்றைப்படை எண் என்பதால், திரும்பி வந்த கோரஸ் முழுக்கக் கிளிக்குக்கு அரை அடி தள்ளியே நின்றது. எங்கள் டிரம்மர் சரியாகத்தான் வாசித்திருந்தார். ஆனால் திரையில் இருந்த பார் கோடுகள் எதனோடும் பொருந்தவில்லை. கடைசியில் அந்தப் பாட்டுக்கு டிரம்ஸை முதலிலிருந்து பதிவு செய்தோம்.

சரி, எப்படிச் செய்ய வேண்டும்? ஒரு சுரம்கூடப் பதிவு செய்வதற்கு முன்பே, தாளம் மாறும் ஒவ்வொரு பாரிலும் மென்பொருளில் ஒரு குறி வையுங்கள். 7/8 வரும் இடத்தில் கிளிக்கை எட்டாம் நோட்டுக்கு மாற்றி, அழுத்தத்தை ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு) எப்படிப் பிரிகிறதோ அப்படி வையுங்கள். எங்கள் ரிஃப் தக தக தகிட, அதாவது 2+2+3. உங்களுடையது தகிட தகதிமியாக இருந்தால் 3+4. வாயால் சொல்லிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். பிறகு கருவி எதுவும் இல்லாமல் கிளிக்கை மட்டும் ஓடவிட்டு, ஐந்து பேரும் உட்கார்ந்து கோரஸைப் பாடிப் பாருங்கள். திரும்பும் இடம் சரியாக விழுந்தால் மேப் சரி.

இந்த வேலைக்கு நான் ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளைத்தான் சொல்வேன். தாளம் மாறும் இடங்களைத் திருத்துவது அதில் எனக்கு மிக எளிதாக இருந்தது. 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

படி 5: பதிவு

முதலில் டிரம்ஸ், அப்புறம் பேஸ், ரிதம் கிடார், கீபோர்டு, கடைசியில் குரல். ரிதம் கிடாரை இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து இடமும் வலமும் வையுங்கள். ஒன்றையே காப்பி செய்து இரண்டு பக்கமும் போட்டால் அகலம் கிடைக்காது. ஆம்ப் சத்தத்தோடு கிடாரின் நேரடி சிக்னலையும் தனி டிராக்கில் எடுத்துக்கொண்டால், சத்தம் பிடிக்காதபோது மறுபடி வாசிக்க வேண்டியதில்லை. கீபோர்டு ஒலியின் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டிவிடுங்கள், அந்த இடம் பேஸுக்கு வேண்டும்.

பின்சேர்க்கை: தூரத்தில் இருக்கும் கீபோர்டு வாசிப்பவர் அனுப்பிய ஃபைல் சுருதி ஏறி, வேகமாகவும் ஓடுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்ததை மாற்றாமல் 48ல் ஓட்டினால் அப்படித்தான் ஆகும். கிட்டத்தட்ட ஒன்றரை அரைச்சுரம் ஏறும், வேகமும் சுமார் 9 சதவீதம் கூடும். எல்லோரும் 48 என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். டெம்போ மேப்பை மிடி ஃபைலாக எல்லோருக்கும் அனுப்புங்கள். திரும்பி வரும் ஒவ்வொரு டிராக்கும், வாசிப்பு எங்கே தொடங்கினாலும், முதல் பாரிலிருந்தே இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்.