கோல் போஸ்ட்டிலிருந்து நிர்வாகக் குழுவுக்குப் போவது எப்படி

கடலூர் அண்ணா விளையாட்டு அரங்கிலோ புதுச்சேரி உப்பளத்திலோ இன்று கிளவுஸ் மாட்டிக் கால்பந்து கோல்கீப்பராக நிற்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஆடுகிற காலம் முடிந்த பிறகு என்ன செய்வாய் என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் கோச் ஆவேன் என்கிறார்கள், நல்லதுதான், ஆனால் மைதானம் யாருக்கு, மேட்ச் எந்தத் தேதியில், வெளியூர் போகும் அணிக்கு ரயில் டிக்கெட் போட்டாயிற்றா என்று முடிவு செய்கிற மேசையிலும் ஆடினவர்கள் உட்கார வேண்டும். அதற்குக் கோல்கீப்பர்தான் பொருத்தமான ஆள் என்பேன். 90 நிமிடமும் முழு மைதானத்தையும் பார்த்துக்கொண்டு, யார் எங்கே நிற்கணும் என்று கத்திக்கொண்டே இருப்பவர் அவர்தானே.

நெதர்லாந்தின் கோல்கீப்பர் எட்வின் வான் டெர் சாரைப் பாருங்கள். நாட்டுக்காக 130 மேட்ச், 2008இல் மாஸ்கோவில் அனெல்காவின் பெனால்டியைத் தடுத்து மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு சாம்பியன்ஸ் லீக் கோப்பை. 2011இல் ஓய்வு பெற்றவர் நேராகப் பெரிய நாற்காலிக்குப் போகவில்லை. 2012இல் அயாக்ஸ் கிளப்பில் மார்க்கெட்டிங் பொறுப்பு, விளம்பரதாரர்களோடு பேசுகிற வேலை, 2016இல்தான் தலைமைச் செயல் அதிகாரி. ஜெர்மனியின் கோல்கீப்பர் ஆலிவர் கான் எம்பிஏ படித்துவிட்டு 2021இல் பயர்ன் மியூனிக் கிளப்பின் தலைமைக்கு வந்தார். 2023இல் அணி லீக் பட்டம் வென்ற அதே நாளில் பதவி போனது. அதையும் தெரிந்துகொண்டே வாருங்கள்.

சரி, இங்கிருந்து எப்படித் தொடங்குவது?

முதலில் காகிதம். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் என்று இருந்ததால் ஒரு நல்ல பையனின் பதிவு கடைசி நாளில் நின்றுபோனதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன், அந்த வருடம் முழுக்க அவன் வெளியே உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தான். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஆன்லைன் பதிவைக் கிளப் மூலமாக நேரத்தோடு முடித்துவிடுங்கள். ஆடிய போட்டிகளின் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள், விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு அதுதான் ஆதாரம். வேலை இருந்தால்தான் பின்னால் சங்க வேலையை நேர்மையாகச் செய்ய முடியும்.

அடுத்தது, ஆடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் கிளப்பின் செயலாளர் வேலையைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு உங்களோடு யாரும் போட்டி போட மாட்டார்கள், ஏனென்றால் அது சலிப்பான வேலை. கிளப்பைச் சங்கமாகப் பதிவு செய்ய 7 பேர் வேண்டும். கடலூரில் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம், புதுச்சேரிக்குச் சட்டம் வேறு, 1860ஆம் ஆண்டுச் சட்டம். பதிவு செய்வது பெரிய காரியமில்லை, அதை உயிரோடு வைத்திருப்பதுதான் காரியம். வருடா வருடம் பொதுக்குழு, வரவு செலவு, ஆடிட்டர் கையெழுத்து, பதிவாளருக்கு அறிக்கை. பந்து வாங்கிய ரசீது, சுண்ணாம்புக்கோடு போட்ட கூலி, ரெஃப்ரிக்குக் கொடுத்த பணம், எலுமிச்சம்பழம், ஐஸ் உட்பட எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். நல்ல கிளப்புகள் சண்டையில் உடைவது பெரும்பாலும் கணக்கில்தான், தோல்வியில் இல்லை.

நேரம் கிடைத்தால் ரெஃப்ரி தேர்வு எழுதுங்கள். விதி மாறிக்கொண்டே இருக்கிறது: 2025 ஜூலையிலிருந்து கீப்பர் 8 விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். விதி தெரியாதவர் போட்டி நடத்தினால் புகார் மனுக்களுக்குப் பதில் எழுத முடியாது. படிப்பையும் விட்டுவிடாதீர்கள். சென்னை மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்திய மகளிர் அணியின் முன்னாள் கோல்கீப்பர் அதிதி சவுகான் இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மேலாண்மை படித்தபடியே வெஸ்ட் ஹாமுக்கு ஆடினார், பின்னர் பெண்களுக்காக அகாடமியும் தொடங்கினார். இந்துமதி கதிரேசனை இந்திய அணிக்குத் தந்த கடலூர்ப் பெண்கள் இந்த வழியைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். 2025இல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் தேசியக் கூட்டமைப்புகளின் செயற்குழுவில் குறைந்தது 4 பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது.

கடைசியாக ஓட்டு. 2022 செப்டம்பர் 2 அன்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் தேர்தலில் முன்னாள் கோல்கீப்பர் கல்யாண் சவுபே, இந்திய அணியின் முன்னாள் கேப்டன் பாய்ச்சுங் பூட்டியாவை 33க்கு 1 என்று வென்றார். ஆட்டத்தில் யாருக்குப் புகழ் அதிகம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஓட்டுப் போட்டவை மாநிலச் சங்கங்கள். மாநிலச் சங்கத்துக்கு ஆள் போவது மாவட்டத்திலிருந்து, மாவட்டத்துக்குக் கிளப்பிலிருந்து. ஆகவே உங்கள் மாவட்டச் சங்கத்தின் பைலாவை, அதாவது சங்க விதிகளை, ஒரு பிரதி கேட்டு வாங்கி, யாருக்கு ஓட்டு உண்டு, சந்தா எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், பொதுக்குழுவுக்கு எத்தனை நாள் முன்னால் அறிவிப்பு தர வேண்டும் என்ற மூன்றையும் கோடு போட்டு வையுங்கள். சந்தாவுக்கு ரசீது வாங்குங்கள். கூட்டத்துக்குப் போனால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் உட்காராதீர்கள், அப்புறம் நீங்கள் பேசியது மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) ஏறியிருக்கிறதா என்று அடுத்த கூட்டத்தில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.