ஏழாம் டிரம் பேசாமல் போனால்: டிக்கிளில் நெட்வொர்க் சேனல்களைப் பராமரிப்பது

ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பின், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையின், டிரம் ஷெட்டுக்கு நான்தான் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். மொத்தம் 16 டிரம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கன்ட்ரோலர் பெட்டி. 5 விநாடிக்கு ஒருமுறை வெப்பநிலையையும் பிஎச் அளவையும் ஒரே வரியாக லேனில் (ஷாப்பின் உள் நெட்வொர்க்கில்) அனுப்பும். அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள் சூப்பர்வைசர் பாய் போன் செய்தார். "ஏம்மா, ஏழாம் டிரம்மு காலையிலேர்ந்து 26 டிகிரியிலயே நிக்குது. வெளியே இந்த வெயில் கொளுத்துது, உள்ள எப்படிம்மா அசையாம இருக்கும்?" போய்ப் பார்த்தேன், அந்தப் பெட்டிக்குக் கரண்டே இல்லை. கடைசியாக வந்த எண்ணைத் திரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. அது சுண்ணாம்பு டிரம், தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டுச் சுற்றுவது. தண்ணீர் சூடேறினால் தோல் தளர்ந்து கெட்டுவிடும். பாய் சந்தேகப்பட்டுத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்ததால்தான் அந்த லோடு தப்பியது.

அன்றைக்குப் பிறகு முழுவதையும் திருத்தி எழுதினேன். மொழி டிக்கிள் (Tcl). 1988-ல் பெர்க்லியில் ஜான் ஔஸ்டர்ஹவுட் தொடங்கியது. 2012-ல் வந்த 8.6 பதிப்பிலிருந்து ஆப்ஜெக்ட் வசதி (தரவையும் அதைக் கையாளும் மெத்தட்களையும் ஒரே பொட்டலமாக வைப்பது) மொழிக்குள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் சேர்க்க வேண்டாம்.

முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: ஒரு இணைப்புக்கு ஒரு ஆப்ஜெக்ட். தரவு வந்து போகும் சேனலின் பெயர், டிரம் எண், டைமரின் அடையாளம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கட்டும். சேனல் பெயரை வெளியே யாருக்கும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் யார் மூடினார்கள், யார் மூடவில்லை என்று பிறகு தேடி அலைய வேண்டியதுதான்.

சாக்கெட்டை, அதாவது நெட்வொர்க் இணைப்பை, திறக்கும்போது அசிங்க் (-async, காத்திருக்காமல் திறப்பது) விருப்பத்தைச் சேருங்கள். இல்லாவிட்டால் இணைப்பு கிடைக்கும்வரை புரோகிராம் முழுவதும் நின்றுவிடும். லினக்ஸில் அதே லேனில் இருக்கும் பெட்டி அணைந்து கிடந்தால் சுமார் 3 விநாடி; ரூட்டருக்கு அந்தப் பக்கம் இருந்தால் 2 நிமிடத்துக்கும் மேல். கரண்ட் போய் 16 பெட்டியும் அணைந்த நேரத்தில் 3 விநாடியே முக்கால் நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். அசிங்க் என்றால் திறந்த உடனே "கிடைத்துவிட்டது" என்று நம்பக் கூடாது. எழுதத் தயார் என்ற நிகழ்வு வந்ததும் சேனலின் அமைப்பைச் சொல்லும் எஃப்கான்ஃபிகர் (fconfigure) கட்டளையில் எரர் விருப்பத்தைக் கேளுங்கள். காலியாக வந்தால் இணைப்பு உண்டு. பிறகு அந்த எழுதும் நிகழ்வைக் கழற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் அது ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். சேனலை பிளாக்கிங் இல்லாத நிலைக்கு (தரவுக்காக நின்று காத்திருக்காத நிலை) மாற்றுவதும் இங்கேதான்.

பலர் சறுக்குவது கால்பேக்கில், அதாவது நிகழ்வு வந்ததும் ஓட்டச் சொல்லிக் கொடுக்கும் கட்டளையில். சேனலின் நிகழ்வுகளைக் கவனிக்கும் ஃபைல்ஈவென்ட்டுக்குக் (fileevent) கொடுக்கும் கட்டளை ஆப்ஜெக்டுக்குள் ஓடாது, குளோபல் மட்டத்தில் ஓடும். மெத்தடுக்குள் எழுதுகிற பழக்கத்தில் 'மை' (my, இதே ஆப்ஜெக்டின் மெத்தடைக் கூப்பிடுவது) போட்டுக் கொடுத்தால், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பிழை வரும். அதை 'நேம்ஸ்பேஸ் கோட்' (namespace code, ஆப்ஜெக்டுக்குள்ளேயே ஓட வைப்பது) கட்டளையில் சுற்றிக் கொடுங்கள். வெளியே தெரியாத மெத்தடைக்கூட அப்படிக் கூப்பிடலாம்.

படிக்கும் மெத்தடில், ஒரு வரியை எடுக்கும் கெட்ஸ் (gets) கட்டளை மைனஸ் 1 திருப்பினால் உடனே மூடிவிடாதீர்கள். பாதி வரிதான் வந்திருக்கலாம். தரவு முடிந்துவிட்டதா என்று ஈஓஎஃப் (eof) கட்டளையைக் கேளுங்கள். இல்லை என்றால் சும்மா திரும்பிவிடுங்கள், மீதி வந்ததும் அதுவே மறுபடி கூப்பிடும். ஆமாம் என்றால் எதிர்முனை போய்விட்டது, அப்போதே மூடுங்கள். மூடாமல் விட்டால் படிக்கத் தயார் என்ற நிகழ்வு நிற்காமல் வந்து சிபியு 100 சதவீதத்துக்குப் போகும். இணைப்பு நடுவில் முறிந்தால் கெட்ஸே பிழை எறியும் என்பதால் அதைப் பிழையைப் பிடிக்கும் 'டிரை'க்குள் (try) வையுங்கள்.

இனி ஏழாம் டிரம் விஷயம். எதிர்முனை ஒழுங்காக மூடினால்தான் ஈஓஎஃப் வரும். கரண்ட் போன பெட்டி விடைபெற்றுக்கொண்டா போகும்? நம் பக்கத்தில் சேனல் திறந்தே கிடக்கும். கேட்டுக்கொண்டே இருக்கிற நாம் எதையும் அனுப்பாவிட்டால் பிழையும் வராது. எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் டிசிபியின் கீப்அலைவ் இருக்கிறதே என்பீர்கள். நாமாகக் கேட்டால்தான் அது வேலை செய்யும். லினக்ஸின் இயல்பு அமைப்பில் முதல் சோதனைக்கே 2 மணி நேரம். சுண்ணாம்பு டிரம் அவ்வளவு நேரம் தாங்காது.

ஆகவே ஆஃப்டர் கட்டளையால் 15 விநாடி டைமர் ஒன்று வையுங்கள். ஒரு வரி வரும்போதெல்லாம் பழைய டைமரை ரத்து செய்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். மூன்று வரி தொடர்ந்து வராமல் டைமர் வெடித்தால் இணைப்பு செத்ததாகவே எடுத்துக்கொண்டு, திரையில் எண்ணை அழித்துச் சிவப்புக் கோடு போடுங்கள். பழைய எண்ணை மங்கலாகக் காட்டலாம் என்று ஒருவர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஷிப்டில் ஓடிக்கொண்டே பார்ப்பவர் கண்ணுக்கு மங்கலும் ஒன்றுதான், தெளிவும் ஒன்றுதான்.

ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் டிஸ்ட்ரக்டரில் டைமரை ரத்து செய்து சேனலை மூடுங்கள். மூடியதும் சேனல் மாறியைக் காலியாக்குங்கள், இரண்டாம் முறை மூடப்போய்ப் பிழை வராது. டிக்கிளில் ஆப்ஜெக்டை நாம்தான் அழிக்க வேண்டும். மாறியை மறந்துவிட்டால் தானாகப் போய்விடாது. என் முதல் பதிப்பில் மறு இணைப்புக்குப் புது ஆப்ஜெக்ட் உருவாக்கி, பழையதை அப்படியே விட்டிருந்தேன். 16 டிரம், 10 விநாடிக்கு ஒரு முயற்சி என்றால் நிமிடத்துக்கு 96 சேனல். லினக்ஸில் ஒரு புரோகிராமுக்கு வழக்கமாக இருக்கும், ஒரே நேரத்தில் 1024 திறந்த ஃபைல், சாக்கெட் என்ற வரம்பு 11 நிமிடத்துக்குள் தீர்ந்துபோனது. கால்பேக்குக்குள்ளிருந்தே ஆப்ஜெக்டை அழித்தால் அடுத்த வரியில் ரிட்டர்ன் போடுங்கள். அதன் மாறிகள் அதற்குப் பிறகு இருக்காது.

மறு இணைப்பை இணைப்பு ஆப்ஜெக்டிடம் விடாதீர்கள். எல்லா டிரம்மையும் பார்க்கும் மேலாளர் ஆப்ஜெக்ட் ஒன்று அதைச் செய்யட்டும். 2, 4, 8 விநாடி என்று இடைவெளியைக் கூட்டி 60-ல் நிறுத்துங்கள். அதோடு சில விநாடிகளை ரேண்டமாகச் சேருங்கள், கரண்ட் வந்ததும் 16 இணைப்பும் ஒரே நொடியில் மோதாமல் இருக்க.

சோதனையை மேசையில் முடிக்காதீர்கள். பெட்டியின் புரோகிராமை நிறுத்திப் பாருங்கள், ஈஓஎஃப் வர வேண்டும். போர்ட் எண்ணை மாற்றிப் பாருங்கள், எரர் விருப்பத்தில் மறுப்பு தெரிய வேண்டும். பிறகு கேபிளைப் பிடுங்குங்கள். நான் ஏழாம் டிரம்மின் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பாயைத் திரை முன்னால் நிற்கச் சொன்னேன். வாட்சைப் பார்த்து எண்ணியவர், பன்னிரண்டு வந்ததும், "சிவப்பு வந்துடுச்சும்மா" என்றார். கடைசி வரி வந்து 3 விநாடி கழித்துத்தான் நான் பிடுங்கியிருந்தேன்.