கையிருப்பை வைத்தே ஸ்கிராப்புக் பக்கம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கிராப்புக் என்பது புகைப்படங்களைக் குறிப்போடும் அலங்காரத்தோடும் ஒட்டிவைக்கும் ஆல்பம். அதற்கு மிஞ்சிய தாள், பாதி தீர்ந்த ஸ்டிக்கர், துண்டு ரிப்பன் எல்லாவற்றையும் மேசையில் கொட்டி, "இதையெல்லாம் எங்கே ஒட்டலாம்?" என்று யோசிப்பதுதான் முதல் தவறு. அப்படித் தொடங்கிய பக்கத்தில் பொருட்கள் நிறைந்திருக்கும், படத்தைத் தேட வேண்டியிருக்கும். படத்தை முதலில் வையுங்கள். டப்பாவைத் திறப்பது அதற்குப் பிறகு.

12 × 12 அங்குலப் பக்கத்துக்கு 4 × 6 அங்குலப் படம் இரண்டு போதும். மூன்றுக்கு மேல் போனால் எழுத இடம் இருக்காது. படத்திலிருந்து இரண்டு நிறங்களை எடுத்துக்கொண்டு, கூடவே வெள்ளை, சாம்பல், பழுப்பு என அடங்கிய நிறம் ஒன்றைச் சேருங்கள். படத்தில் அதிகம் பரவியிருக்கும் நிறத்தையே பின்னணியாக்க வேண்டாம். புல்வெளிப் படத்தைப் பச்சைத் தாளில் ஒட்டினால் அதன் ஓரமே தெரியாது. சட்டையிலோ பையிலோ சிறிதாகத் தெரியும் நிறம்தான் தேட வேண்டியது. இருக்கும் தாள் எதுவும் பொருந்தவில்லையா? படத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் ஏறக்குறைய எந்த நிறத் தாளும் ஒத்துப்போகும்.

மிச்சத் தாள்கள் வெவ்வேறு தொகுப்பிலிருந்து வந்தவை. அதனால் டிசைன்கள் ஒன்றோடொன்று சண்டை போடும். இரண்டு பெரிய பூ டிசைனை அருகருகே வைக்காதீர்கள். பெரியது ஒன்று, நடுத்தரக் கட்டம் ஒன்று, சிறு புள்ளி ஒன்று என்று அளவு மாறினால் கண்ணுக்கு இதமாக இருக்கும். அதிலும் கண்ணைப் பறிக்கும் டிசைனுக்குக் குறைந்த இடம் கொடுங்கள். துளிகூடப் பொருந்தாத துண்டுகளை எல்லாம் 1 அங்குலச் சதுரமாக வெட்டி, இடையில் 3 மி.மீ. விட்டு வரிசையாக அடுக்கிப் பாருங்கள். வடிவம் ஒன்றாக இருப்பதால் அவை ஒரே கூட்டமாகத் தெரியும்.

நல்ல தாளைப் படத்துக்குப் பின்னால் புதைத்து வீணாக்குவதும் வழக்கம். 5 × 7 அங்குலத் தாளின் மேல் 4 × 6 படம் வருகிறது என்றால், கண்ணில் படுவது சுற்றியுள்ள அரை அங்குலம் மட்டுமே. படம் உட்காரும் இடத்தைப் பென்சிலால் குறித்து, அதற்குள் சுற்றிலும் அரை அங்குலம் ஒட்டுவதற்கு விட்டு, நடுவில் 3 × 5 அங்குலத் துண்டை வெட்டி எடுத்துவிடலாம். குறிப்பு எழுதும் அட்டைக்கு அந்தத் துண்டு போதும். ஓரத்தை அரை அங்குலத்துக்கும் குறைத்தால் படம் நடுவில் குழிந்துவிடும். இடம் முடிவாகும் முன்பே வெட்டிவிட்டால், படத்தைச் சற்று நகர்த்தியதும் ஓட்டை எட்டிப்பார்க்கும்.

படத்தைச் சுற்றி 3 மி.மீ. ஓரம் மட்டும் வேண்டுமென்றால் நான்கு பக்கமும் அளந்து வெட்ட முயலாதீர்கள், ஏதாவது ஒரு பக்கம் கோணும். தாளின் ஒரு மூலையில் இரு பக்கமும் 3 மி.மீ. விட்டுப் படத்தை ஒட்டிவிட்டு, மற்ற இரண்டு பக்கங்களைப் பிறகு வெட்டுங்கள்.

பசையில்தான் பாதிப் பக்கங்கள் கெடுகின்றன

வெள்ளைப் பசையில் தண்ணீர் உண்டு. தாளின் நார்கள் அதை உறிஞ்சி உப்பும். காயும்போது சமமாகச் சுருங்காததால் தாள் நெளியும். 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அச்சுத் தாளில் இது உடனே தெரியும். அடித்தாள் 200 ஜிஎஸ்எம் அளவுக்குத் தடிமனாக இருக்கட்டும். பசையைப் பிழிந்து பரப்பாமல், பல்குச்சி நுனியால் ஓரங்களில் சிறு புள்ளிகளாக வையுங்கள். மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு விடுங்கள். இங்க்ஜெட்டில் அச்சிட்ட படத்தில் ஈரப் பசை பட்டால் மை கசியலாம். அதற்கு டபுள் சைடு டேப் நல்லது.

பழைய பசைக் குச்சி, பழைய டேப், பழைய ஸ்டிக்கர் எதையும் பார்த்தவுடன் நம்ப வேண்டாம். இரண்டு வேண்டாத துண்டுகளை அதனால் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரியுங்கள். தாள் கிழிந்து வந்தால் பசை நன்றாக இருக்கிறது. சுத்தமாகப் பிரிந்தால் அதைத் தூர வையுங்கள். ஸ்டிக்கரையும் வாஷி டேப்பையும் (டிசைன் போட்ட அலங்காரக் காகித டேப்) மட்டும் அடியில் சிறிது பசை தடவிக் காப்பாற்றிவிடலாம். செலோடேப்பும் ரப்பர் சிமென்ட் என்ற ரப்பர் பசையும் எவ்வளவு புதிதாக இருந்தாலும் படத்தின் பக்கம் போகவே கூடாது. ஆண்டுகள் போகப் போக மஞ்சளாகிக் கறை இறங்கும்.

ஃபோம் டேப் (ஒட்டும் பொருளை மேடாக்கும் தடித்த மெத்தை டேப்) இருக்கிறதே என்று எல்லாவற்றையும் தூக்கி நிறுத்தினால் ஆல்பம் மூடாது. எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே இடத்தில் மேடு வந்தால், ஒன்றின் பட்டன் மற்றதன் படத்தில் தழும்பு போடும். நீளமான துண்டுக்கு இரு முனையில் மட்டும் ஃபோம் வைப்பதும் தவறு, நடு தொய்ந்துவிடும்.

இருப்பதற்காக ஒட்டக் கூடாதவை

செய்தித்தாளில் மரத்திலிருந்து வரும் லிக்னின் என்ற பொருள் அதிகம். அது வெளிச்சத்தாலும் காற்றாலும் பழுத்து, உண்டாகும் அமிலம் பக்கத்துப் பொருட்களுக்கும் பரவும். நாளிதழ்த் துண்டு கட்டாயம் வேண்டுமென்றால் அமிலமற்ற தாளில் நகலெடுத்து ஒட்டுங்கள். கடை ரசீதும் பல டிக்கெட்டுகளும் வெப்பத்தால் அச்சாகும் தாள். எழுத்து தானாகவே மங்கிவிடும் என்பதால் அவற்றையும் நகலெடுப்பதே வழி. பெயர் தெரியாத தாளைச் சோதிக்க, அமிலத்தைக் காட்டும் பிஎச் பேனா உதவும்: கோடு ஊதாவானால் அமிலமில்லை, மஞ்சளாகவே நின்றால் அமிலம் உண்டு. லிக்னினை அது காட்டாது.

சாதாரண ஜெம் கிளிப்பும் ஸ்டேப்ளர் பின்னும் துருப்பிடிக்கும். மினுக்குத் தூள் படத்தைக் கீறும். பிவிசி உறையை விட்டு பாலிபுரோப்பிலீன் உறைக்கு மாறுங்கள். முழுதாக உலராத பூ பூசணம் பிடிக்கும். கனத்துக்கு அடியில் இரண்டு மூன்று வாரமாவது இருந்திருக்க வேண்டும்.

பேனா விஷயத்திலும் கவனம் தேவை. படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் புடைக்கும். பக்கத்தில் எழுத நிறமி மைப் பேனா ஏற்றது. எந்தப் பேனா என்று தெரியாவிட்டால், வேண்டாத தாளில் எழுதி உலர்ந்த பிறகு ஈரப் பஞ்சால் தேயுங்கள், கலங்கினால் வேண்டாம். நேரே பக்கத்தில் எழுதாமல் தனித் துண்டில் எழுதி ஒட்டுங்கள், பிழை வந்தால் துண்டு மட்டும்தான் போகும்.

எழுத்து ஸ்டிக்கர் தீர்ந்துபோனால் ஒரே சொல்லுக்குள் இரண்டு வகையைக் கலக்காதீர்கள். ஒரு சொல் ஸ்டிக்கரில், அடுத்த சொல் கையெழுத்தில் என்றால் வேண்டுமென்றே செய்ததுபோல் இருக்கும்.

ஒட்டுவதற்கு முன் அடுக்கியதைக் கைபேசியில் படமெடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். படத்திலுள்ள முகத்தைவிட முதலில் பட்டனோ தலைப்போ கண்ணில் பட்டால் அதை எடுத்துவிடுங்கள். பிறகு கலைத்து, அடியிலிருந்து மேலாக ஒட்டிக்கொண்டே வரலாம். ரிப்பன் முனைகளைத் தாளுக்குப் பின்னால் ஓர் அங்குலம் மடித்து ஒட்டினால் நூல் பிரியாது.

மீந்த துண்டுகளில் 2 அங்குலத்துக்கும் சிறியவற்றைச் சேர்த்து வைக்க வேண்டாம். பஞ்ச் இருந்தால் அன்றே வட்டமாகவோ இலையாகவோ குத்தி எடுத்துவிட்டு மிச்சத்தைக் குப்பையில் போடுங்கள். பெரியவற்றை நிறவாரியாகப் பிரித்து உறைகளில் நிற்க வைத்தால், அடுத்த படத்துக்கு நிறம் தேடும்போது கையில் சிக்கும்.