பழைய வேன்ல ஸ்பீடோமீட்டர் முள்ளு ஆடுதா? மீட்டரை விட்டுட்டு முதல்ல கேபிளைப் பாருங்க

முள்ளு ஆடுது, இல்ல செத்துப்போச்சுன்னா நிறைய பேரு நேரா மீட்டரையே கழட்டி மாத்திடறாங்க, ஆனா பழைய கேபிள் வேன்ல பெரும்பாலும் மீட்டர் நல்லாத்தான் இருக்கும், கோளாறு கேபிள்லதான். இது கேபிள் டைப்புக்கு மட்டும் (கியர்பாக்ஸ்ல இல்ல சக்கரத்துல இருந்து மீட்டர் வரைக்கும் ஒரு உறைக்குள்ள ஒயர் சுத்திக்கிட்டே இருக்கும்), சென்சார் வச்ச புது வண்டிக்கு ஒத்துவராது.

கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஓட்டம் ஓட்டி மூணு விஷயம் பாருங்க. முள்ளும் அசையல, கிலோமீட்டர் நம்பரும் ஏறலன்னா கேபிள் அறுந்திருக்கும், இல்ல ரெண்டு முனையில ஒண்ணு நழுவியிருக்கும். நம்பர் ஏறுது முள்ளு மட்டும் படுத்திருக்குன்னா கோளாறு மீட்டருக்குள்ள. முள்ளு வேலை செய்யுது, நம்பர் நின்னுபோச்சுன்னா உள்ள இருக்கிற குட்டி பல்சக்கரம் போயிருக்கும். எப்படி இவ்ளோ சுலபமா பிரிக்க முடியுதுன்னா, நம்பரைக் கேபிள் பல்சக்கரம் வழியா நேரடியா சுத்துது, முள்ளை அப்படி இல்ல. கேபிள் ஒரு காந்தத்தைச் சுத்தும், அதைச் சுத்தி முள்ளோட சேர்ந்த ஒரு அலுமினிய கிண்ணம், ரெண்டும் தொடாது, காந்தம் சுத்துறப்ப கிண்ணத்துல சுழல் மின்னோட்டம் உண்டாகி கிண்ணமும் காந்தத்தோட கூடவே சுத்தப் பாக்கும், மயிரிழை ஸ்பிரிங் ஒண்ணு பின்னாடி இழுக்கும், ரெண்டு இழுப்பும் சமமாகுற இடத்துல முள்ளு நிக்கும். ஜெர்மனிக்காரர் ஓட்டோ ஷுல்ஸே 1902ல பேட்டன்ட் வாங்கின ஐடியா இது!

சரி வேலைக்கு வருவோம். பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழட்டிடுங்க, டாஷ்போர்டு பின்னாடி பல்பு ஒயர் எல்லாம் நெருக்கமா இருக்கும். மீட்டர் பின்னாடி கைவிட்டு கேபிள் நட்டைக் கையாலயே திருப்புங்க, சில வண்டில திருகு இருக்காது, கிளிப்பை அழுத்தி இழுக்கணும். கீழ் முனை பொதுவா கியர்பாக்ஸ்ல இருக்கும். பழைய ஃபோக்ஸ்வாகன் டைப் 2 மாதிரி வண்டில முன் சக்கரத்து நடு மூடில போய் முடியும், சின்ன கிளிப் பிடிச்சிருக்கும், அது தெறிச்சு ஓடும் ஜாக்கிரதை. வண்டிக்கு அடில போறதா இருந்தா ஜாக்கை மட்டும் நம்பாதீங்க, ஸ்டாண்டு வைங்க.

இப்ப உள் ஒயரை மேல் பக்கமா உருவுங்க. பாதி மட்டும் வந்தா அறுந்துபோச்சு, மீதியைக் கீழ இருந்து எடுங்க. முழுசா வந்தா துடைச்சுட்டு ரெண்டு கையில யூ மாதிரி தொங்கவிட்டு ஒரு முனையை மெதுவா விரல்ல உருட்டுங்க. இன்னொரு முனை வழவழன்னு சுத்தணும். நின்னு நின்னு துள்ளிச்சுன்னா ஒயர் முறுக்கிக்கிச்சு, அதுதான் முள்ளு ஆடுறதுக்குக் காரணம், நிமிர்த்தப் பாக்காதீங்க, மாத்திடுங்க. ஒயர் முனையோட சதுர வடிவம் தேஞ்சு உருண்டு போயிருந்தாலும் அதே கதை.

புதுசு வாங்குறப்ப பழசோட நீளத்தை வச்சு அளந்து பாருங்க. ஒயர் நீளம் கூடினா காந்தத்தைத் தள்ளி கிண்ணத்துல உரசவச்சிடும், அப்புறம் மீட்டரே காலி.

கிரீஸ் விஷயத்துல நானே வாங்கிக் கட்டிக்கிட்டவன். நல்லா ஓடட்டும்னு முழு ஒயருக்கும் அப்பினேன், கொஞ்ச நாள்ல கிரீஸ் சுத்திச் சுத்தி மேல ஏறி மீட்டருக்குள்ள போய், வண்டி ஊர்ந்தா கூட முள்ளு எகிற ஆரம்பிச்சிடுச்சு. அதனால கிராஃபைட் கலந்த கேபிள் கிரீஸ் மெல்லிசா தடவுங்க, மேல் முனைல ஒரு 15 செ.மீ. காய்ஞ்சே இருக்கட்டும். உறைக்குள்ள கீழ்பக்கம் ஆயில் சொதசொதன்னு இருந்தா கியர்பாக்ஸ் பக்கம் ஆயில் கசியாம தடுக்கிற வளையத்தையும் (ஆயில் சீல்) மாத்துங்க, இல்லன்னா அந்த ஆயிலும் மேல ஏறும்.

திரும்ப மாட்டுறப்ப கீழ் முனை சதுரம் பள்ளத்துல உக்காந்துச்சான்னு ஒயரை லேசா திருப்பிப் பாத்துட்டு மேல இறுக்குங்க, பலம் போடவேண்டாம். கேபிள் எங்கயும் சுருக்குன்னு மடங்கக் கூடாது, வளைவு பெருசா இருக்கட்டும், சைலன்சர் பக்கம் போகவே கூடாது.

கடைசியா போன்ல ஜிபிஎஸ் போட்டு பக்கத்துல ஒருத்தரை உக்காரவச்சு ஒரே வேகத்துல ஓட்டிப் பாருங்க. ஜிபிஎஸ் 60 காட்டுறப்ப மீட்டர் 64 காட்டினா பயப்படாதீங்க, மீட்டர் கொஞ்சம் கூடுதலா காட்டுறது சகஜம். ஐ.நா.வோட 39வது வாகன விதிமுறைலயே மீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைச்சுக் காட்டக் கூடாதுன்னுதான் இருக்கு. குறைச்சுக் காட்டினா முதல்ல டயர் சைஸைப் பாருங்க, யாராவது பெரிய டயர் போட்டிருப்பாங்க. முள்ளைப் பிடுங்கி வேற இடத்துல குத்துற வேலை மட்டும் வேண்டாம், ஒரு வேகத்துல சரியா காட்டும், மத்ததுல எல்லாம் தப்பாயிடும்.