லாட்ஜில் சேர்ந்தவர் பாதியில் காணாமல் போகாமல் இருக்க

ஒருவர் ஃப்ரீமேசன் லாட்ஜில், அதாவது அந்தச் சகோதரச் சங்கத்தின் ஒரு கிளையில், சேர்கிறார். முதல் வருடம் ஒரு கூட்டம் விடமாட்டார், புதுக் கோட்டு, வெள்ளைக் கையுறை, முகத்தில் ஒரு பூரிப்பு. மூன்றாவது டிகிரி, அதாவது மூன்றாம் படிச் சடங்கு, முடிந்து மாஸ்டர் மேசன் என்கிற முழு உறுப்பினர் ஆகிறார், எல்லோரும் கைகொடுக்கிறோம், போட்டோ எடுக்கிறோம். அதற்கடுத்த கூட்டத்துக்கு வேலை இருக்கிறது என்கிறார். அதற்கடுத்ததற்கு ஒன்றும் சொல்வதில்லை. பிறகு சந்தா நின்றுபோகிறது, நினைவூட்டல் கடிதம் போகிறது, கடைசியில் பட்டியலிலிருந்து பெயரும் போய்விடுகிறது.

சென்னையில் ஒரு லாட்ஜில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். ஐந்து வருடம் செயலாளர், இப்போது ஆல்மனர், அதாவது சகோதரர்களின் நலம் விசாரிக்கிற பொறுப்பு. இப்படி விலகிப் போனவர்கள் பலரை அவர்கள் வீட்டிலேயே போய்ப் பார்த்திருக்கிறேன். ரிச்சுவல், அதாவது சடங்கு, பிடிக்கவில்லை என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. "நான் நாலு மாசம் வரலை சார், ஒருத்தரும் ஏன்னு கேக்கலை." பெரும்பாலும் இதைத்தான் சொன்னார்கள். அதனால் இங்கே எழுதுவது முழுக்க அந்த நாலு மாதத்தைப் பற்றித்தான், கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பற்றி.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. அமெரிக்காவில் 1959-இல் 41 லட்சம் மேசன்கள் இருந்தார்கள், இன்று 10 லட்சத்துக்கும் கீழே. நமக்கோ நீண்ட கதை இருக்கிறது: 1770-களிலேயே ஆற்காடு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா திருச்சிராப்பள்ளியில் மேசன் ஆகிவிட்டார், லாட்ஜ் ஆஃப் பெர்ஃபெக்ட் யூனானிமிட்டி 1786-இலிருந்து சென்னையில் நடக்கிறது. இருநூறு வருடத்துக்கு மேல் ஒரு லாட்ஜ் தாக்குப்பிடிக்கிறது என்றால் ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் வராதவரைத் தேடிப் போயிருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

சரி, தொடக்கத்திலிருந்து வருவோம். பாதி விலகல்கள் சேர்க்கும்போதே தீர்மானமாகிவிடுகின்றன. ஒருவர் ஆர்வமாக வந்து கேட்கும்போது, செலவு எவ்வளவு, மாதத்தில் எத்தனை மாலை போகும், என்ன எதிர்பார்க்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வருடச் சந்தா, சேர்க்கைக் கட்டணம், சடங்கில் இடுப்பில் கட்டுகிற ஏப்ரன், கூட்டத்துக்குப் பிறகான சாப்பாட்டுப் பங்கு, தர்மத்துக்கு எடுத்து வைப்பது, எல்லாவற்றையும் கூட்டி ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். முதல் மாதமே "இதுவேற தனியா?" என்று அவர் நினைத்துவிட்டால் அந்தக் கசப்பு போகவே போகாது. தொழிலுக்கு ஆள் பழக்கம் கிடைக்கும் என்று நினைத்து வருபவரிடம் அதற்கு இது இடமில்லை என்று நேராகவே சொல்லுங்கள். கோபித்துக்கொண்டு போனாலும் பரவாயில்லை, இரண்டு வருடம் கழித்துப் போவதைவிட இப்போதே போவது நல்லது. கடவுள் நம்பிக்கை வேண்டும் என்பதையும், எந்த மதம் என்று கேட்கமாட்டோம் என்பதையும், மதமும் அரசியலும் லாட்ஜுக்குள் பேசக்கூடாது என்பதையும் அவர் வீட்டில் உட்கார்ந்தே சொல்லிவிடுவது என் வழக்கம்.

வீட்டில் என்று சொன்னது காரணமாகத்தான். மனைவி, அம்மா, வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள் முன்னால் பேச வேண்டும். தமிழில் லாட்ஜ் என்றால் ரூம் எடுத்துத் தங்குகிற இடம். "இன்னைக்கு சாயங்காலம் லாட்ஜுக்குப் போறேன், வர லேட்டாகும்" என்று ஒருவர் சொன்னால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? அதோடு ரகசியச் சங்கம், மண்டை ஓடு, என்னென்னவோ வீடியோ வேறு சுற்றுகிறது. சடங்கின் உள்ளே நடப்பதை நாம் சொல்வதில்லை, ஆனால் எழும்பூர் எத்திராஜ் சாலையில் இருக்கிற நம் மேசன் மண்டபம் எல்லோர் கண்ணிலும் படுகிற கட்டிடம்தான், இந்திய லாட்ஜ்களின் தலைமை அமைப்பான கிராண்ட் லாட்ஜ் ஆஃப் இந்தியா 1961 நவம்பர் 24 அன்று வெளிப்படையாகத் தொடங்கியதுதான். குடும்பத்தை ஒருநாள் அழைத்து வந்து மண்டபத்தைச் சுற்றிக் காட்டுங்கள். பீடத்தில் பகவத் கீதை, குர்ஆன், பைபிள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் என்று சொன்னதும் ஒரு பாட்டி கையெடுத்துக் கும்பிட்டது எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் பேரன் இன்றும் எங்கள் லாட்ஜில் இருக்கிறார்.

அடுத்தது, வேலை கொடுப்பது. இதில்தான் நாம் மிகவும் கஞ்சத்தனம் செய்கிறோம். பழைய மாஸ்டர்கள், அதாவது முன்பு லாட்ஜுக்குத் தலைவராக இருந்தவர்கள், அவர்கள் பேச்சு, பழைய மாஸ்டர்கள் முடிவு, புதிதாக வந்தவர் ஓரமாக உட்கார்ந்து கைதட்டுவார். ஒரு படித்த, உத்தியோகத்தில் இருக்கிற, முப்பத்தைந்து வயது மனிதர் எத்தனை நாளைக்கு ஓரமாக உட்காருவார்? ஆங்கில எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங் 1886-இல் லாகூரில் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபதுதான், வழக்கமான இருபத்தொன்று நிறையவில்லை. லாட்ஜுக்கு ஒரு நல்ல செயலாளர் தேவைப்பட்டதால் சிறப்பு அனுமதி வாங்கிச் சேர்த்துக்கொண்டார்கள் என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். நேற்று வந்த பையனிடம் பேனாவைக் கொடுத்துவிட்டார்கள்! நாமும் அப்படிச் செய்யலாம். சேர்ந்த முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு சின்னப் பொறுப்பாவது அவர் பெயரில் இருக்க வேண்டும்: சம்மன்ஸ் என்கிற கூட்ட அழைப்பை அனுப்புவது, சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்வது, வெளியூர் லாட்ஜிலிருந்து வரும் விருந்தினரை வாசலில் வரவேற்று உட்கார வைப்பது. ஸ்டூவர்ட் பதவி இருக்கிறதே, அதைப் பலர் சாப்பாடு பரிமாறுகிற வேலை என்று தட்டிக்கழிக்கிறார்கள், ஆனால் ஒரே மாலையில் எல்லோர் பெயரையும் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வேலை லாட்ஜில் கிடையாது.

ரிச்சுவல் மனப்பாடம். புதியவர்களுக்கு உள்ளூர இருக்கிற பயம் இதுதான், வெளியே சொல்லமாட்டார்கள். பழைய ஆங்கிலம், நீளமான வாக்கியங்கள், புத்தகம் பார்க்காமல் சொல்ல வேண்டும். தமிழ் வழியில் படித்து வந்த ஒரு சகோதரர் இதற்காகவே இரண்டு கூட்டங்களுக்கு வராமல் இருந்தார். சபையில் தடுமாறினால் சிரிப்பார்களோ என்று. லாட்ஜ் ஆஃப் இன்ஸ்ட்ரக்ஷன் என்று பயிற்சி வகுப்பு வைத்திருப்பதே இதற்காகத்தான், அதை ஒழுங்காக நடத்துங்கள், ஆனால் அது போதாது. ஒவ்வொரு புதியவருக்கும் ஒரு மூத்தவரைச் சேர்த்துவிடுங்கள். அந்த மூத்தவர் முந்தைய மாஸ்டராக இருக்க வேண்டியதில்லை, நாலைந்து வருடம் முன்னால் சேர்ந்தவராக இருந்தால் இன்னும் நல்லது, தடுமாறிய ஞாபகம் அவருக்கு இன்னும் இருக்கும். நான் அந்தச் சகோதரரோடு ஞாயிறு காலை மெரினாவில் நடந்துகொண்டே சொல்லிப் பார்ப்பேன். முதலில் அர்த்தத்தைத் தமிழில் பேசிவிடுவோம், அப்புறம் ஆங்கிலம் தானாக வந்து உட்கார்ந்தது. மாஸ்டர் கழுத்தில் தொங்குவது மூலைமட்டம், அவருக்கு அடுத்த பதவியான சீனியர் வார்டனுடையது மட்டம், அதற்கும் அடுத்த ஜூனியர் வார்டனுடையது தூக்குக்குண்டு. கொத்தனார் கையில் சின்ன வயதிலிருந்து நாம் பார்த்த சாமான்கள்தானே! அவர் அப்பா கட்டட மேஸ்திரி. அதைச் சொன்ன நாளிலிருந்து அவருக்கு அந்நியம் போய்விட்டது. யாராவது சபையில் தடுமாறினால் ஒரே ஒருவர் மட்டும், அதற்கென்று நியமித்தவர் மட்டும், எடுத்துக்கொடுக்க வேண்டும். ஆறு மூலையிலிருந்து ஆறு பேர் எடுத்துக்கொடுப்பது உதவி ஆகாது.

கூட்டத்துக்குப் பின் சாப்பாடு, ஃபெஸ்டிவ் போர்ட் என்று ஏட்டிலும் ஃபெலோஷிப் என்று பேச்சிலும் சொல்வது. உறவு வளர்கிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சாப்பாட்டுப் பொறுப்பு மரபுப்படி ஜூனியர் வார்டனுடையது, அவர் அதைக் கேட்டரருக்கு ஒரு போன் போடுகிற வேலையாக நினைக்கக்கூடாது. சைவம் தனியாக, தனிக் கரண்டியோடு இருக்கிறதா? புரட்டாசியில் பாதிப் பேர் அசைவம் தொடமாட்டார்கள், அன்று பிரியாணி ஆர்டர் செய்துவிட்டு வெறும் தயிர்ச்சாதத்தைக் காட்டக்கூடாது. ரமலான் மாதத்தில் கூட்டம் வந்தால் நோன்பு திறக்கிற நேரத்தைப் பார்த்து இடைவேளையை வையுங்கள், பேரீச்சம்பழமும் தண்ணீரும் மேசையில் தயாராக இருக்கட்டும், கேட்டு வாங்குகிற நிலைமை அந்தச் சகோதரருக்கு வரவேண்டாம். குடிக்காதவரை "ஒண்ணே ஒண்ணு" என்று வற்புறுத்துகிற பழக்கம் எங்கே இருந்தாலும் அதை நிறுத்துங்கள், அதனாலேயே வருவதை நிறுத்திய இரண்டு பேரை எனக்குத் தெரியும், இரண்டு பேரும் அருமையான மனிதர்கள். டோஸ்ட், அதாவது கோப்பையை உயர்த்தி வாழ்த்துவது, எல்லாமே மோரிலும் ஜூஸிலும் செல்லும். உட்காரும் இடத்தைக் கலைத்துவிடுங்கள், பழைய நண்பர்கள் நாலு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் தட்டோடு நின்றுகொண்டிருப்பார். பேச்சைக் குறையுங்கள். ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கிறவர் எழும்பூருக்கு வந்து, மறுபடி தாம்பரம் போய்ச் சேர வேண்டும், மறுநாள் காலை எட்டு மணிக்கு அவருக்கு ஆபீஸ். பத்து மணிக்குள் முடிந்துவிடும் என்று சொன்னால் முடித்துவிட வேண்டும்.

இனி ஆல்மனர் வேலை, என் மனதுக்கு மிக நெருக்கமானது. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு சகோதரருக்கும் ஒரு பக்கம்: வீட்டில் யார் யார், பிறந்தநாள், பிள்ளைகள் எந்த வகுப்பு, ரத்த வகை, யாரை அவசரத்துக்குக் கூப்பிடுவது. போனில் இருந்தாலும் தாளிலும் இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மின்சாரமும் சிக்னலும் போனபோது அந்த நோட்டில் இருந்த முகவரிகளை வைத்துத்தான் வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். நல்ல காரியத்துக்குப் போகாவிட்டாலும் துக்கத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, லாட்ஜுக்கும் அதேதான். ஒரு சகோதரரின் தாயார் இறந்த வீட்டுக்கு இரண்டு பேராவது போய் நிற்க வேண்டும், வாட்ஸப்பில் கைகூப்புகிற படம் போட்டால் போனதாக ஆகாது. ஆஸ்பத்திரியில் இருப்பவரைப் பார்க்கப் போனால் பத்து நிமிஷத்தில் எழுந்துவிடுங்கள், வெளியே நிற்கிற மனைவியிடம் "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேளுங்கள், அவர்களுக்குத்தான் அப்போது ஆள் தேவை. மறைந்த சகோதரர்களின் மனைவிகளை மறந்துவிடாதீர்கள். தீபாவளி, பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ், அவரவர் பண்டிகைக்கு ஒருவர் நேரில் போய் வரவேண்டும், பணம் தேவையா என்பதை அவர்கள் வாயால் கேட்க வைக்காமல் கவனித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சந்தா பாக்கி பற்றி ஒன்று. இரண்டு மாதம் தாண்டினால் செயலாளர் கடிதம் எழுதுவதற்கு முன் ஆல்மனர் பேசட்டும். வேலை போயிருக்கலாம், தொழிலில் அடி விழுந்திருக்கலாம், பலர் அந்த வெட்கத்தில்தான் வராமல் இருக்கிறார்கள். அவரைத் தனியாகப் பார்த்து, தவணையோ தள்ளிப்போடலோ எது முடியுமோ அதை மாஸ்டரும் பொருளாளரும் ஆல்மனரும் தங்களுக்குள் முடித்துக்கொள்ளலாம், நாலாவது ஆளுக்குத் தெரிய வேண்டியதில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு லாட்ஜில் பாக்கிதாரர் பட்டியலைச் சபையில் சத்தமாக வாசித்தார்கள். அதில் இருந்த மூன்று பேரும் பணத்தைக் கட்டினார்கள், மூன்று பேரும் திரும்பி வரவில்லை.

வேலை மாற்றலாகி வெளியூர் போகிறவரை அப்படியே விட்டுவிடாதீர்கள். அவர் சான்றிதழைக் கையில் கொடுத்து, அந்த ஊர் லாட்ஜின் செயலாளருக்கு நீங்களே ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். இந்திய, ஆங்கில, ஸ்காட்டிஷ் அமைப்புகளின் லாட்ஜ்கள் சென்னையிலேயே இருக்கின்றன, ஊரில் இருக்கிறவர்களும் ஒருவர் லாட்ஜுக்கு ஒருவர் போய்வரலாம். மாதத்துக்கொரு முறை நாலு பேர் ஒரே காரில் ஏறி இன்னொரு லாட்ஜுக்கு விருந்தினராகப் போய்ப் பாருங்கள், அந்தக் கார் பயணத்தில் பேசுகிற பேச்சு பத்துக் கூட்டத்துக்குச் சமம்.

ஆங்கிலேய வழக்கத்தில் ஒன்பது மணி டோஸ்ட் என்று ஒன்று உண்டு. மணி ஒன்பது ஆகும்போது கடிகார முட்கள் மூலைமட்டம் போல நிற்கும், அந்த நேரத்தில் வராத சகோதரர்களை நினைத்து எழுந்து நிற்போம். எங்கள் லாட்ஜில் அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொண்டோம். டோஸ்ட் முடிந்ததும் வருகைப் பதிவேட்டைத் திறந்து, தொடர்ந்து இரண்டு கூட்டம் வராதவர்கள் பெயரை எடுப்பேன். மூன்று பெயர் இருந்தால் மூன்று பேரிடம் பிரித்துக் கொடுப்பேன், அதில் ஒருவர் கட்டாயம் புதிதாகச் சேர்ந்தவர். அவர்கள் தட்டை வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய் அப்போதே போன் செய்ய வேண்டும். சந்தாவைப் பற்றிப் பேச்செடுக்கக்கூடாது, ஏன் வரவில்லை என்றும் கேட்கக்கூடாது. "சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம் பிரதர், உங்க ஞாபகம் வந்துச்சு, வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" இவ்வளவு போதும், மீதியை அவரே சொல்வார்.